வாரத்துக்கு வந்த குதிரை

பன்னிரண்டு வயதில் எனக்கு வேண்டியிருந்தது பாதிக் குதிரை. முழுக் குதிரை கேட்கும் அளவுக்கு நான் புத்தி கெட்டவள் இல்லை. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம், ஒரு ஜோடி உழவு மாடு, ஒரு கறவைப் பசு, அதன் கன்று, இவ்வளவுதான் எங்கள் சொத்து. அப்படிப்பட்ட வீட்டில் குதிரை வாங்கினால் ஊர் கூடிச் சிரிக்கும். யாரோ ஒருவருடைய குதிரை, ஏழு நாளில் ஒன்றிரண்டு நாள் எனக்கு. அது போதும் என்றேன். அதையே பெரிய அக்கிரமம் என்றாள் அம்மா.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது கிண்டியில். அம்மாவின் தம்பி அங்கே பந்தயக் குதிரை லாயத்தில் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டும் வேலையில் இருந்தார். ஒரு கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது, ஓடி ஓய்ந்த ஒரு கிழட்டுக் குதிரையின் முதுகில் என்னைத் தூக்கி உட்கார வைத்து லாயத்தைச் சுற்றி நடத்தினார். வேடிக்கைக்குத்தான். ஒரு சுற்று முடிந்ததும் இறங்கச் சொன்னார். நான் இறங்கவில்லை. விடுமுறை முடியும் வரை தினமும் அடம்பிடித்து ஏறினேன். கடைசி நாட்களில் கடிவாளத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்கு பீடி பிடித்துக்கொண்டு நின்றார். ஊருக்குத் திரும்பியதும் எனக்குத் தரையில் நடப்பதே கேவலமாகப் பட்டது.

"பொட்டப் புள்ள குதிரை மேல ஏறிக்கினு சுத்துனா நாளைக்கு எவன்டி வந்து தாலி கட்டுவான்?" என்றாள் அம்மா.

"குதிரையே கட்டட்டும்" என்றேன். கையில் இருந்த அகப்பையால் முதுகில் ஒன்று வைத்தாள். அதில் ஒட்டியிருந்த கேழ்வரகுக் களி என் சட்டையில் காய்ந்து கிடந்தது. எனக்கும் அவளுக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். நான் அவளைக் கொண்டு பிறந்தவள் என்று ஊரே சொல்லும். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் நைனா. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

வழி கண்டுபிடித்ததும் நைனாதான். ஆடு மாடுகளை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வளர்க்க விடுவது எங்கள் பக்கத்தில் வெகுகால வழக்கம். மாடு ஒருவருடையது, வளர்ப்பவர் வேறொருவர். தீனி வளர்ப்பவருடைய பொறுப்பு. பால் அவருக்கு, கன்று பங்கு. வளர்ப்பவர் வீட்டில் மாடு நோய் கண்டு செத்துப்போனால் நஷ்டம் சொந்தக்காரருக்கு, வளர்ப்பவர் ஈடு கட்ட வேண்டியதில்லை. இதையெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி ஒரு குதிரையை வாரத்துக்குப் பிடித்தால் என்ன என்றார் நைனா. புல்லும் கொள்ளும் நம்முடையது, குதிரை அவர்களுடையது, பாலுக்குப் பதில் சவாரி.

அம்மா கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "வயசுக்கு வர்ற வரைக்கும்தான். அப்பால குதிரையும் கெடையாது, கழுதையும் கெடையாது. இன்னோண்ணு, அது என் தொழுவத்துக்குள்ள காலு வெக்கக் கூடாது."

என் வகுப்பில் ஏற்கெனவே மூன்று பெண்கள் வயதுக்கு வந்து பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தார்கள். எனக்கு நேரம் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் காலையிலும் கண் விழித்ததும் அந்தப் பயம்தான் முதலில் வரும்.

தேடத் தொடங்கினோம். சைக்கிளில் நைனா மிதிக்க, நான் பின்னால். மீஞ்சூரில் ஒரு வெள்ளைக் குதிரை இருப்பதாகக் கேள்விப்பட்டு முதலில் அங்கே போனோம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்றே வைத்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அதட்டினோம், தட்டினோம், வெல்லம் காட்டினோம். "பேண்டு அடிக்கணும்மா, அப்பதான் நடக்கும்" என்றார் அதன் சொந்தக்காரர், ரொம்ப சாதாரணமாக. திரும்பும் வழியெல்லாம் நைனா சிரித்துக்கொண்டே மிதித்தார். எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது.

சோழவரம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டணத்துக்காரருடைய தோட்டத்தில், பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்த உயரமான குதிரை ஒன்று இருந்தது. தோட்டக்காரர் எங்கள் மேல் இரக்கப்பட்டு அவிழ்த்து விட்டார். நான் இதுவரை ஏறியதிலேயே அருமையான குதிரை அதுதான். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அங்கே பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் விடுவார்கள். அதற்காக யாரோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. தூரத்தில் ஒரு கார் உறுமியதும் குதிரைக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வேலி, வரப்பு, கத்தரித் தோட்டம் எதுவும் அதன் கண்ணில் படவில்லை. நான் எங்கே விழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. என் இடது கை மணிக்கட்டு இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும். கட்டுப் போட்ட கையோடு வந்த என்னைப் பார்த்து அம்மா அழுதாள். அழுகை முடிந்ததும் நைனாவை அவள் திட்டிய திட்டு நான்கு வீடு தள்ளிக் கேட்டது.

கை சரியானதும் எங்கள் பக்கத்து ஆரணிக்குப் போனோம். அடக்கமான குதிரை, நல்ல வயது, சொந்தக்காரரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அன்றைக்குப் பார்த்து அம்மாவும் கூட வந்திருந்தாள், ஆரணி ஆற்றங்கரையில் ஒரு சாவு வீட்டுக்கு. மாட்டுக்குச் சுழி பார்ப்பது போல அவள் அந்தக் குதிரையைச் சுற்றி வந்து, விலாவில் ஒரு மயிர்ச்சுழியைக் கண்டுபிடித்தாள். "ஊட்டுக்கு ஆவாத சுழி" என்றாள். அதோடு முடிந்தது.

திருவள்ளூருக்குப் போனது குதிரை தேடி இல்லை. தை அமாவாசைக்கு முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனோம். அமாவாசைக்கு அந்த ஊர் தாங்காது. ரயிலில் வந்து இறங்கும் கூட்டத்தையெல்லாம் ஜட்கா வண்டிகள்தான் கோயில் குளத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும். அன்றைக்கு நான் அந்தக் குதிரைகளைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக, தோளில் வார் உரசிய புண்ணில் ஈ மொய்க்க, ஒரு வண்டிக்கு ஏழெட்டுப் பேரை இழுத்துக்கொண்டு. ஒன்று தெருவின் நடுவில் முழங்காலிட்டு விழுந்துவிட்டது. வண்டிக்காரர் இறங்கி அதன் வாலை முறுக்கி எழுப்பினார். உள்ளே இருந்தவர்கள் இறங்கக்கூட இல்லை, சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள்.

"பாத்தியா? இதான் உன் குதிரை" என்றாள் அம்மா. அவள் குரலில் வெற்றி இல்லை. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று இரவு நான் குதிரைப் பேச்சை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் எடுக்கவில்லை. என் ஆசை எனக்கே அசிங்கமாக இருந்தது.

கடைசியில் குதிரை கிடைத்தது எங்கள் மூக்குக்குக் கீழேயே. கும்மிடிப்பூண்டி ரயிலடியில் ஜட்கா ஓட்டிய பாய் ஒருவர். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல். பேருந்து வந்த பிறகு அவருக்குச் சவாரி குறைந்துவிட்டது. கொள்ளு விலை அவருடைய வருமானத்துக்கு எட்டவில்லை. அப்படியும் தன் பெட்டைக் குதிரையின் தோளில் ஒரு புண் வராமல் வைத்திருந்தார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. நைனா டீக்கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, பாப்பாவா ஏறப் போவுது?"

"பாப்பாதான் பாய். உட்டா ஆகாசத்துலயே ஏறும்."

"வெள்ளிக்கெழமை நான் வண்டி கட்றது இல்ல, தொழுகை. வியாயக்கெழமை சாயங்காலம் இட்டுக்கினு போங்க. சனிக்கெழமை காலை மொத ரயிலுக்கு என் கையில வந்துடணும்."

"தீனி எங்குளுது. வாரத்து மொறை தெரியுமில்ல?"

"தெரியாம இன்னா? எங்க ஆளுங்களும் ஆடு உடுறோமே. செத்தா என் தலையெழுத்து, உங்க மேல கேள்வி இல்ல" என்று சிரித்தார். டீ முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார் என்பதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குதிரையை எங்கள் வாசல் புளியமரத்தில் கட்டினோம். தொழுவத்துக்குள் விடுவதில்லை என்ற பேச்சில் அம்மா உறுதியாக இருந்தாள். அவள் அதைத் தொட்டதில்லை, தண்ணீர் காட்டியதில்லை. அவளைப் பொறுத்தவரை அதற்குப் பெயர் 'சனியன்'. சனியன் வந்துடுச்சா, சனியன் சாணி போட்டிருக்குது, சனியன் முருங்கைக் கிளையைக் கடிச்சிடுச்சு. ஐப்பசி மழையில் ஒரு நாள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நனையுதே அந்தச் சனியன்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். நைனா மறுநாளே மரத்தடியில் நாலு கால் நட்டு ஓலை போட்டார்.

எனக்குச் சேணம் கிடையாது. நான்காக மடித்த கோணியை ஒரு பட்டை வாரால் கட்டி, பாவாடைக்குள் நைனாவின் பழைய காக்கி நிக்கரைப் போட்டுக்கொண்டு ஏறுவேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடியும் ஏரிக்கரை. குதிரைக்கு ஒரு பழக்கம் இருந்தது. வழியில் யாராவது கையில் பையோ மூட்டையோ வைத்துக்கொண்டு நின்றால் போதும், பக்கத்தில் போய் நின்றுவிடும். சவாரி ஏறப்போகிறார்கள் என்று காத்திருக்கும். அவர்கள் நகர்ந்தால்தான் அதுவும் நகரும். புல்லுக்கட்டு சுமந்து வரும் பெண்கள் "இன்னாடி, எங்க எறக்கி உடுவ?" என்று கேலி செய்வார்கள். அவர்களிடம் கெஞ்சி முன்னால் போகச் சொல்வேன்.

ஆனால் கரையின் கடைசி நீளத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. அங்கே வந்ததும் அதுவாகவே காதை முன்னால் வைத்துக்கொண்டு ஓடும். பின்னால் வண்டி இல்லை என்பது அதற்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சந்தோஷம் என்று நான் பின்னால் அனுபவித்ததெல்லாம் அந்த ஓட்டத்துக்கு உறை போடக் காணாது. மிகைப்படுத்தவில்லை. கல்யாணம், குழந்தைகள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு குறை மட்டும் இருந்தது. அம்மா ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை. நான் நன்றாக ஏறுகிறேன் என்று ஊரில் நாலு பேர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அவள் ஒருத்தி சொன்னால், அவள் அந்தக் குதிரையை ஒரு தரம் தொட்டுவிட்டால், 'வயசுக்கு வர்ற வரைக்கும்' என்ற கெடுவைக்கூடத் தளர்த்திவிடுவாள் என்று ஒரு நப்பாசை. அவள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். எனக்கு அப்போது வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தைப் பொங்கலுக்கு முன்னால் இரண்டு வருஷம் எங்கள் பக்கம் மழை பொய்த்திருந்தது. அரிசிக்கு ஊரே அல்லாடியது. அந்த வருஷம் ஏரி நிரம்பி, களத்தில் நெல் குவிந்து, அம்மா முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். போகி அன்றைக்குப் பாய் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தார். பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் அவரவர் வீட்டில் இருப்பார்கள், சவாரி கிடைக்காது. காணும் பொங்கல்தான் அவருக்கு வருஷத்திலேயே பெரிய நாள். பழவேற்காடு கடற்கரைக்குப் போகிற கூட்டத்துக்கு விடியற்காலையிலிருந்து வண்டி ஓட்டலாம்.

"மூணாம் நாளு வெடிகாலையில வந்து இட்டுக்கினு போறேம்மா. அன்னைக்கு ஓட்டம் ஜாஸ்தி. அதுவரைக்கும் நல்லா வயிறாரத் துன்னுட்டு நிக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். நைனாவிடம் சொல்லியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ. நைனா அப்போது களத்தில் இருந்தார்.

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் மாடுகளை ஏரியில் குளிப்பாட்டும்போது குதிரையையும் குளிப்பாட்டினேன். நைனா மாட்டுக் கொம்புகளுக்கு நீல பெயின்ட் அடித்தார். கொஞ்சம் மிச்சம் இருந்தது. "கொம்பு இல்லாத ஜென்மத்துக்கு எங்க அடிக்கிறது?" என்று யோசித்துவிட்டுக் குனிந்து குதிரையின் நான்கு குளம்புகளுக்கும் பூசிவிட்டார். நீலக் குளம்போடு அது வாசலில் நின்றதைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் மஞ்சள், குங்குமத் தட்டோடு வந்தாள். மாடுகளுக்கு வைத்தாள். பசுவுக்கு வைத்தாள், கன்றுக்கு வைத்தாள். அப்புறம் குதிரைக்கு முன்னால் வந்து நின்றாள். கொஞ்சம் பயந்தாள், அது அவள் கையை முகர்ந்தது. நெற்றியில் அந்த வெள்ளை இடத்தில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்து, கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டு, "வாம்மா, தாயே. ஒரு வருசமா எங்க ஊட்டு வாசல்ல நிக்கிற. நீயும் எங்க ஊட்டு லட்சுமிதான்" என்றாள்.

தொழுவத்துக்குள் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். என் வேண்டுதல் பலித்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

உச்சிப்பொழுதில் படையல் போட்டு, தாம்பாளத்தைத் தட்டி, பொங்கலோ பொங்கல் என்று கூவித் தொழுவத்தைச் சுற்றி வந்தோம். பிறகு மாடுகளுக்கு வாழையிலையில் பொங்கல். இரண்டு வருஷ வறட்சிக்கும் சேர்த்து அந்த முறை அம்மா மாடுகளுக்கென்றே தனியாக ஒரு பெரிய பானை வைத்திருந்தாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம். மாடுகள் அளவோடு நிறுத்திக்கொண்டன. குதிரை நிறுத்தவில்லை. வெல்லம் என்றால் அதற்கு உயிர். ஒரு இலை முடிந்தது, இன்னொரு இலை. "சாப்புடு தாயி, நாளைக்கு ஓட்டம் ஜாஸ்தியாமே" என்று அம்மா உருண்டை உருண்டையாகப் பிடித்து ஊட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வேடிக்கை பார்க்க வந்து, ஆளுக்கு ஒரு கை அவரவர் வீட்டுப் பொங்கலைக் கொடுத்தார்கள். குதிரைக்குப் பொங்கல் ஊட்டுவது எங்கள் ஊரில் அதுவரை நடக்காத அதிசயம். நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். பானை காலியாயிற்று.

குதிரைக்குப் பொங்கல் கொடுக்காதே என்று பாய் எங்களுக்குச் சொன்னதில்லை. யாராவது கொடுப்பார்கள் என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது. பொங்கல் ஒத்துக்கொள்ளாத வயிறு ஒன்று இருக்கும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாக மாடு வைத்திருப்பவர்கள் நாங்கள்.

வெயில் சாயும் நேரத்தில் அது தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. பின்னங்காலால் வயிற்றை உதைத்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரண்டது. வயிறு தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு உப்பிவிட்டது. செரிக்கவில்லை என்று அம்மா சுக்கும் ஓமமும் இடித்துக் கஷாயம் வைத்தாள். மாட்டுக்குக் கொடுப்பது போல மூங்கில் குழாயில் ஊற்றப் பார்த்தோம், பாதி வெளியே வந்தது. நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். மாட்டுப் பொங்கல் என்பதால் மாட்டாஸ்பத்திரிக்கு விடுமுறை. கதவில் பூட்டும் மாவிலைத் தோரணமும் தொங்கின. அங்கிருந்து நேரே பாய் வீட்டுக்குப் போய் அவரைப் பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்தார்.

பாய் வந்ததும் எதுவும் கேட்காமல் கயிற்றைப் பிடித்து அதை எழுப்பி நடத்தினார். படுக்க விடாமல் புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி நடத்தினார். அதன் உடம்பெல்லாம் வேர்வை. சாமந்தி மாலை அறுந்து காலடியில் மிதிபட்டது. நடந்துகொண்டேதான் கேட்டார்.

"இன்னாம்மா குடுத்தீங்க?"

"பொங்கல்தான் பாய். மாட்டுக்குக் குடுக்குற பொங்கல்தான். வேற ஒண்ணியும் குடுக்கல."

"எவ்ளோ?"

அம்மா பானையைக் காட்டினாள்.

பாய் நின்றுவிட்டார். குதிரையும் நின்றது. "எம்மா, மாடு அசை போடும், ஏப்பம் உடும். இதுக்கு வாந்திகூட வராதும்மா. துன்னது துன்னதுதான். ஆண்டவன் அப்படிப் படைச்சிக்கீறான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா என்ன நினைத்தாளோ, ஓடிப்போய்க் குதிரையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "கக்கிடு தாயி, கக்கிடு" என்று கத்தினாள். நைனா அவளை இழுத்து விலக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் குதிரை நடுங்குவதை நிறுத்தியது. வலி விட்டுவிட்டது போல அமைதியாக நின்றது. நான் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். பாய் மட்டும் கயிற்றைத் தளர்த்திவிட்டு, தலைத் துண்டை அவிழ்த்து அதன் கண்ணைத் துடைத்தார். உள்ளே எல்லாம் கிழிந்துவிட்டால் அப்படித்தான் வலி நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் அது முன்னங்காலை மடக்கி உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. நீலக் குளம்புகள் நான்கும் எங்கள் வாசல் கோலத்தின் மேல் நீட்டிக்கொண்டு கிடந்தன.

மறுநாள் விடிவதற்குள் ஏரிக்கரைக்குக் கீழே குழி வெட்டிப் புதைத்தார்கள். பழவேற்காட்டுக்குப் போகிற கூட்டம் புதுத்துணி உடுத்திக்கொண்டு ரோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தது. பாய் கடிவாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களுக்கு எதிர்த் திசையில் நடந்து போனார்.

ஊர்ப் பெரியவர்கள் நைனாவிடம் வந்து, வாரத்து முறைப்படி நீ எதுவும் தர வேண்டியதில்லை என்றார்கள். முறை அதுதான். நைனா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். அம்மா யாரையும் கேட்கவில்லை. கறவைப் பசுவையும் கன்றையும் அவிழ்த்து, தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி வரை நடந்து போய்ப் பாய் வீட்டு வாசலில் கட்டிவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்துப் பாய் அவற்றைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தார்.

"பேச்சு பேச்சுதாம்மா. அதுவும் இல்லாம, பசு வண்டி இழுக்காது" என்றார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் இன்னொரு குதிரை வாங்கவில்லை. ஜட்கா கொஞ்ச நாள் ரயிலடியில் ஏர்க்கால் தரையில் ஊன்றிக் கிடந்தது, பிறகு காணவில்லை. நான் அந்த ஆனி மாதம் வயதுக்கு வந்தேன். பதினெட்டில் திருவள்ளூரில் கட்டிக்கொடுத்தார்கள். எழுபதுகளில் தொழிற்பேட்டை வந்தபோது எங்கள் நிலத்தில் பாதிக்கும் மேல் போயிற்று. அங்கே ஒரு இரும்புப் பட்டறையின் கேட்டில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பாய் நின்றதை ஒரு முறை பேருந்திலிருந்து பார்த்தேன். லாரிக்குக் கேட்டைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை, பேருந்து நிற்கவும் இல்லை.

ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் பிறந்த வீட்டுக்குப் போவேன். அம்மா வழக்கம் போல மாடுகளுக்குப் பொட்டு வைப்பாள், மாலை போடுவாள், பொங்கல் மட்டும் வைக்க மாட்டாள், நைனாதான் வைப்பார். எல்லாம் முடிந்து கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்பாள்.

"அது ஆசையாதானே துன்னுச்சு? நான் ஒண்ணும் திணிக்கலயே?"

"ஆசையாதாம்மா துன்னுச்சு" என்பேன்.

அது உண்மைதான். என் கண்ணால் பார்த்தது. ஆனால் அவளுக்கு அது போதவில்லை. அடுத்த வருஷமும் கேட்டாள்.